எல்இடி பல்பின் ரேடியோ இரைச்சலை லெப்டொப்பில் அளப்பது எப்படி?

லயக்காம்பரா:
ஹட்டன் பக்கம். இரவில் எஃப்எம் ரேடியோ ஒரே இரைச்சல். எல்இடி பல்பா, சோலார் கொன்ட்ரோலரா, போன் சார்ஜரா என்று பிரித்துப் பார்க்க வேண்டும். ஆர்820டி2 டியூனர் உள்ள ஆர்டிஎல் டொங்கிள் (லெப்டொப்பின் யுஎஸ்பியில் செருகும் சிறு ரேடியோ ரிசீவர்) இருக்கிறது. இரைச்சலை அருகிலிருந்து பிடிக்கும் புரோப்பை டிவி கேபிளிலேயே செய்யலாமா அண்ணமாரே?

ஈயக்கம்பி:
டிவி கேபிள் வேண்டாம் தம்பி. அதன் உள்கம்பியைச் சுற்றியுள்ள வெளிப்பின்னல் பெரும்பாலும் அலுமினியம், ஈயம் பிடிக்காது. ஆர்ஜி-174 என்ற மெல்லிய கோஎக்சியல் கேபிள் வாங்குங்கள். நுனியில் 10 செ.மீ. எடுத்து 3 செ.மீ. அகல வளையமாக வளைத்து, நுனியின் உள்கம்பியையும் பின்னலையும் சேர்த்து வளையத்தின் அடியில் உள்ள பின்னலோடு பற்றவையுங்கள். வளையத்தின் உச்சியில் வெளிப்பின்னலை மட்டும் 2 மி.மீ. சுற்றிவர வெட்டிவிடுங்கள். இந்த இடைவெளி இல்லாவிட்டால் புரோப் ஒன்றையும் பிடிக்காது. எல்லாவற்றுக்கும் மேல் டேப் சுற்றுங்கள். 230 வோல்ட் வயரை புரோப்பால் வெளியிலிருந்து மட்டும் தடவிப் பாருங்கள், எங்கும் நேராக இணைக்க வேண்டாம்.

மிஸ்ட்:
அளக்கும்போது லெப்டொப்பை பற்றரியில் ஓட்டுங்கள். அதன் சார்ஜரே பெரிய இரைச்சல்காரன். ஓட்டோ கெயினை (சிக்னலைத் தானாகப் பெருக்கும் அளவை) நிறுத்தி 19.7 டெசிபலில் வையுங்கள், இல்லாவிட்டால் இரண்டு அளவீடுகளை ஒப்பிடவே முடியாது. டொங்கிளுக்கான ஆர்டிஎல்-பவர் மென்பொருளில் 24 முதல் 300 மெகாஹேர்ட்ஸ், படி 100 கிலோஹேர்ட்ஸ், 10 செக்கன் சராசரி. முதலில் எல்லாவற்றையும் அணைத்து ஒரு கோப்பு, பிறகு ஒவ்வொன்றாகப் போட்டு ஒவ்வொரு கோப்பு. முதல் கோப்பைக் கழித்துப் பார்த்தால் குற்றவாளி தெரியும். 28.8, 57.6, 86.4 மெகாஹேர்ட்ஸில் நிற்கும் கூர்முனைகள் டொங்கிளின் சொந்தப் படிகத்துடையவை, விட்டுவிடுங்கள். வலுவான எஃப்எம் நிலையங்களால் டொங்கிள் திணறாமலிருக்க எஃப்எம் தடுப்பு ஃபில்டரும் போடலாம்.

ஈயக்கம்பி:
ஃபில்டர் போட்டால் அவர் தேடும் 88–108 மெகாஹேர்ட்ஸ் எஃப்எம் பட்டையே போய்விடுமே! பிதுருதலாகல ஒலிபரப்பு நேரே தெரியும் மேட்டில் டொங்கிள் திணறும், அது உண்மைதான். அதற்குச் சோதனை இருக்கிறது: கெயினை 10 டெசிபல் குறையுங்கள். உண்மையான சிக்னல் 10 அளவில் இறங்கும். 30 அளவில் சரிந்தால் அது டொங்கிளுக்குள்ளேயே உண்டான போலி. அப்போது கெயினை இன்னும் குறைக்க வேண்டியதுதான்.

லயக்காம்பரா:
வரும் எண்ணை டிபிஎம் (சிக்னலின் உண்மையான வலுவைக் காட்டும் அலகு) என்று எடுத்துக்கொள்ளலாமா?

மிஸ்ட்:
முடியாது. அளவு தெரிந்த சிக்னல் ஜெனரேட்டரோடு ஒப்பிட்டால்தான் டிபிஎம். உங்களுக்குத் தேவை எது கூட, எது குறைய என்பது மட்டும். அதற்கு புரோப் தூரத்தை மாற்றாமல் 2 செ.மீ. இல் வைத்தால் போதும். பல்ப்தான் என்றால் ஹோல்டருக்கு அருகே வயரில் இரைச்சலைக் குறைக்கும் ஃபெரைட் கிளிப் போட்டு மறுபடி அளங்கள்.