புதுப்பிப்பு: சூடானதும் அணைந்த வண்டி, காரணம் சிக்கியது

போன வாரம் புலம்பினேனே, அரை மணி நேரம் ஓடியதும் அணைந்துபோகிறது, ஆறினால்தான் ஸ்டார்ட் ஆகிறது என்று? பலரும் பெட்ரோல் பம்ப் என்றீர்கள். இல்லை, கிராங்க் சென்சார், அதாவது இன்ஜினின் கிராங்க் தண்டு சுழல்வதைக் கண்டு சிக்னல் அனுப்பும் உணரி.

மல்டிமீட்டரில் அதன் மின்தடை 870 ஓம் காட்டியது. குளிர்ந்த நிலையில் அளந்துவிட்டு நல்ல சென்சார் என்று நம்பியது என் தப்பு. சிக்னலை அலையாகத் திரையில் காட்டும் ஆஸிலாஸ்கோப்பை மாட்டி செல்ஃப் அடித்தேன்: கிராங்க்கோடு சுழலும் பல்சக்கரத்தின் 58 பல்லுக்கு வரிசையாக 58 அலை, இரண்டு பல் இல்லாத இடத்தில் இடைவெளி, மறுபடி 58. அழகு! அணையும்வரை ஓடவிட்டு உடனே செல்ஃப் அடித்தால் வெறும் நேர்கோடு. சூட்டில் சென்சாருக்கு உள்ளே கம்பிச்சுருள் (coil) இணைப்பு விட்டுப்போகிறது. சிக்னல் இல்லாததால் ஈசியூ (இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டர்) பெட்ரோல் பம்ப்பையும் நிறுத்தியிருக்கிறது. பழி மட்டும், பாவம், பம்ப் தலையில்.

புது சென்சார் போட்டு நாலு நாள். மதிய வெயிலிலும் நிற்கவில்லை.