உதவி தேவை (அவசரம்): பழைய பிபிஎஸ் கோப்புகளை வகை பிரிப்பது எப்படி?

புதுவட்டு
வணக்கம். ஒருவர் நன்கொடையாகக் கொடுத்த பழைய ஹார்ட் டிஸ்கில் உள்ள பிபிஎஸ் (மோடம் வழியாக அழைத்துக் கோப்பு பரிமாறிய அந்தக் காலக் கணினிகள்) கோப்புகளை வகை பிரித்துப் பட்டியல் போட வேண்டும். ஹேக்கர், கிராக்கர் (மென்பொருளின் பூட்டை உடைப்பவர்), டெமோ (படமும் இசையும் காட்டும் கலை நிரல்) குழுக்களின் சமாச்சாரம். கோப்பு வகையைக் கண்டுபிடிக்கும் மென்பொருளை ஓட்டினால் ஏறக்குறைய பாதிக்கு 'தெரியாத வகை' என்று வருகிறது. சிலவற்றைத் திறந்தால் வெறும் குப்பை எழுத்து. எது எந்தக் குழுவுடையது என்றும் புரியவில்லை. வெள்ளிக்கிழமை கொடுக்க வேண்டும். யாராவது ஸ்கிரிப்ட் வைத்திருந்தால் போடுங்கள். நன்றி.

மோடம்காலம்
எந்தக் கணினி? டாஸா, அமிகாவா, கமடோர் 64-ஆ? எந்த ஆண்டுகள்? எந்த மென்பொருளை ஓட்டினீர்கள்? இது எதையும் சொல்லாமல் ஸ்கிரிப்ட் கேட்டால் எதைக் கொடுப்பது?

எழுத்துருப்பித்தன்
குறிமுறைச் சிக்கல்தான், பந்தயம் கட்டுகிறேன். தலையில் தொப்பி வைத்த 'யூ' வரிசை வரிசையாக வருகிறதா? நடுநடுவே டிகிரிக் குறி, கூட்டல்-கழித்தல் குறி? அப்படியானால் அது குப்பை இல்லை, படம். டாஸ் காலத்து எழுத்து அட்டவணையான கோட்பேஜ் 437-இல் 219-ஆம் எண் முழுக் கட்டம், 176 முதல் 178 வரை புள்ளி நிழல்கள். அதே எண்களுக்கு விண்டோஸ் வேறு எழுத்தைக் காட்டுகிறது. பாமினி எழுத்துருவில் அடித்ததை லதாவில் திறந்து பார்த்தவர்களுக்கு இந்த வேதனை புதிதல்ல. கோட்பேஜை மாற்றுங்கள், எல்லாம் சரியாகிவிடும்.

டெல்டாகுமார்
ஆன்டிவைரஸை அணைத்தீர்களா? பிகேலைட் கொண்டு சுருக்கிய பழைய எக்ஸிகளை (இயங்கும் நிரல்களை) பார்த்தாலே சில ஆன்டிவைரஸுக்குப் பேய் பிடித்துவிடும். பாதிக் கோப்பை அதுவே தின்றிருக்கும்.

ஏட்டுக்காவலர்
தம்பி, மாதத்துக்கு ஒருவர் இப்படி வந்து நிற்கிறார். ஆவணக் காப்பகத்தில் முதல் பாடமே வந்த ஒழுங்கைக் கலைக்காதே என்பதுதான். நன்கொடையாளர் எந்த ஃபோல்டரில் எதை வைத்திருந்தார் என்று குறித்து வைத்தீர்களா? கை வைக்கும் முன் ஒவ்வொரு கோப்புக்கும் செக்சம் (உள்ளடக்கம் மாறியதா என்று காட்டும் எண்) எடுத்தீர்களா? இந்த இரண்டுக்கும் 'ஆம்' என்று சொல்ல முடிந்தால் மேற்கொண்டு பேசலாம். இல்லையென்றால் ஸ்கிரிப்ட் கிடைத்து ஒன்றும் ஆகப்போவதில்லை.

புதுவட்டு
பெரும்பாலும் டாஸ், கொஞ்சம் அமிகா. 1990-96 இருக்கும். ப்ரோனோம் என்ற கோப்பு வகைப் பட்டியலை வைத்து இயங்கும் டிராய்டு ஓட்டினேன். எழுத்துருப்பித்தன் சார், தொப்பி யூ சரிதான், இப்போது படமாகத் தெரிகிறது. ஆனால் தெரியாத வகை குறையவில்லை. ஆன்டிவைரஸ் இல்லை, லினக்ஸ். எல்லா ஜிப்பையும் பிரித்து ஒரே ஃபோல்டரில்தான் வைத்திருக்கிறேன், தேடச் சுலபம்.

மோடம்காலம்
ஒரே ஃபோல்டரிலா? அதில் ஃபைல்_ஐடி.டிஸ் என்ற பெயரில் எத்தனை கோப்பு இருக்கிறது?

புதுவட்டு
ஒன்று.

மோடம்காலம்
அதுதான் விஷயம். எத்தனை ஜிப்போ, கிட்டத்தட்ட அத்தனை இருக்க வேண்டும். ஒன்றின் மேல் ஒன்றாக எழுதிக்கொண்டே போயிருக்கிறது.

கொஞ்சம் விளக்குகிறேன். பிபிஎஸ்-இல் ஒரு ஜிப்பை ஏற்றினால், அங்குள்ள மென்பொருள் அதற்குள் ஃபைல்_ஐடி.டிஸ் இருக்கிறதா என்று பார்த்து, அதில் உள்ளதையே பட்டியலில் விவரமாகக் காட்டும். வரிக்கு 45 எழுத்து, அதிகம் போனால் 10 வரி. பொருளின் பெயர், குழு, மொத்தம் எத்தனை வட்டு, இது எத்தனையாவது எல்லாம் அதற்குள்ளேயே அடங்கிவிடும். எந்தக் குழு என்று கேட்டீர்களே, பதில் அங்கேதான் இருந்தது. கூடவே குழு தன் வெளியீட்டைப் பற்றி எழுதி வைக்கும் என்எஃப்ஓ என்ற உரைக்கோப்பு.

இன்னொன்று. ஜிப் கைமாறும்போது ஒவ்வொரு பிபிஎஸ்-உம் தன் விளம்பரக் கோப்பு ஒன்றை உள்ளே செருகி அனுப்பும். அதில் உள்ள பெயரைப் பார்த்து இவர்கள்தான் செய்தார்கள் என்று எழுதிவிடாதீர்கள். அது தபால் முத்திரை, அனுப்புநர் முகவரி இல்லை. இதனால்தான் ஒரே வெளியீட்டின் இரண்டு ஜிப்புக்குச் செக்சம் வேறு வேறாக வரும். நகலா என்று பார்க்க உள்ளே இருப்பவற்றின் செக்சத்தை ஒப்பிடுங்கள். ஆனால் விளம்பரத்தை அழிக்க வேண்டாம், கோப்பு எந்த வழியாக வந்தது என்பதற்கு அது ஒன்றுதான் சாட்சி.

மூல ஜிப்கள் இருக்கின்றன அல்லவா?

புதுவட்டு
இருக்கின்றன.

மோடம்காலம்
அப்பாடா. அந்த ஃபோல்டரைத் தூக்கிப் போட்டுவிட்டு ஜிப்புக்கு ஒரு ஃபோல்டர் என்று மறுபடி பிரியுங்கள். ஸ்கிரிப்டைப் பைத்தானில் எழுதினால், இம்ப்ளோட் என்ற பழைய முறையில் சுருக்கிய ஜிப்களில் அதன் ஜிப் நூலகம் நின்றுவிடும். 1993-க்கு முந்தையவற்றில் அந்த முறை நிறைய வரும். இன்ஃபோ-ஜிப்பின் அன்ஜிப் நிரல் அவற்றைத் திறக்கும்.

ஏட்டுக்காவலர்
நான் சொன்னதும் இதுதான்.

எழுத்துருப்பித்தன்
படங்களுக்கு இன்னொரு வழி: ஒவ்வொரு கோப்பின் கடைசி 128 பைட்டைப் பாருங்கள். அவை 'சாஸ்' (SAUCE) என்ற ஐந்து ஆங்கில எழுத்தில் தொடங்கினால் அதிர்ஷ்டம். தலைப்பு 35 பைட், ஓவியர் 20, குழு 20, தேதி 8 என்று அளந்து வைத்திருப்பார்கள். ஏசிட் என்ற ஓவியக் குழுவில் 1994-இல் வந்த ஏற்பாடு, அதற்கு முந்தைய படங்களில் இருக்காது.

நிலாவேட்டை
அமிகா பக்கம் யாரும் போகவில்லையே. அங்கே இசைக் கோப்புக்கு 'மாட்' என்பது பெயரின் முன்னால் வரும், பின்னால் இல்லை. எக்ஸ்டென்ஷனை நம்பும் எந்த ஸ்கிரிப்டும் தோற்றுப்போகும். 1080-ஆவது பைட்டில் 'எம்.கே.' இருந்தால் 31 ஒலித் துண்டு உள்ள மாட். ஆனால் 1987-இல் வந்த முதல் சவுண்ட்ட்ராக்கர் இசை மென்பொருளின் 15 துண்டு மாடில் எந்த அடையாளமும் கிடையாது. ஓட்டிப் பார்த்துத்தான் சொல்ல முடியும். ஒரு கோப்பின் அளவு 9,01,120 பைட் என்றால் அது முழு அமிகா வட்டின் பிம்பம், அதை உடைக்காமல் அப்படியே வையுங்கள்.

வகைப்பெயர்களைப் புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டாம். டெமோக்களைப் பட்டியலிடும் டெமோசூ தளத்தில் டெமோ, 64கே இன்ட்ரோ (64 கிலோபைட்டுக்குள் அடங்கும் டெமோ), கிராக்ட்ரோ (பூட்டு உடைத்த விளையாட்டின் முன்னால் வரும் அறிமுகம்), இசை வட்டு, வட்டு இதழ் என்று ஏற்கெனவே இருக்கிறது. கோப்பு வகை ஒரு கட்டம், அது என்ன வேலைக்குச் செய்தது என்பது இன்னொரு கட்டம். ஒரே எக்ஸி டெமோவாகவும் இருக்கலாம், கீஜென்னாகவும் (போலி உரிம எண் உருவாக்கும் நிரல்) இருக்கலாம்.

ஏட்டுக்காவலர்
கிராக்ட்ரோவுக்கெல்லாம் தனி வகை எதற்கு? திருட்டு மென்பொருள் என்று ஒரே பெட்டியில் போட்டு மூடி வைக்க வேண்டியதுதான்.

நிலாவேட்டை
டெமோ செய்பவர்களின் உலகமான டெமோசீன் பிறந்ததே அங்கேதான் ஐயா. 80-களில் விளையாட்டின் பூட்டை உடைத்தவர்கள் தங்கள் பெயரைப் போட முன்னால் ஒட்டிய சின்ன அறிமுகம், போட்டி ஏற ஏறத் தனிக் கலையாயிற்று. பின்லாந்து 2020-இல் டெமோசீனை வாழும் மரபுப் பட்டியலில் சேர்த்தது, அடுத்த ஆண்டு ஜெர்மனி. நீங்கள் பெட்டியில் போட்டு மூடச் சொல்கிறீர்கள்.

ஏட்டுக்காவலர்
பட்டியலில் சேர்த்தது டெமோசீனை. பூட்டு உடைத்த விளையாட்டை அல்ல. உரிமையாளர் வழக்குப் போட்டால் நீங்களா வந்து நிற்பீர்கள்?

டெல்டாகுமார்
விளையாட்டை நீக்கிவிட்டு அறிமுகத்தை மட்டும் வைத்தால் என்ன?

நிலாவேட்டை
பல சமயம் இரண்டும் ஒரே கோப்பில் ஒட்டியிருக்கும். பிரித்தால் அது நீங்கள் செய்த கோப்பு, அவர்கள் செய்தது இல்லை. விவரத்தைத் திறந்து வையுங்கள், கோப்பைப் பூட்டி வையுங்கள்.

மோடம்காலம்
பூட்ட வேண்டியது விளையாட்டை விட ஹேக்கர்களின் உரைக்கோப்புகளைத்தான். தொலைபேசி அட்டை எண், யாரோ ஒருவரின் உண்மைப் பெயர், வீட்டு எண் எல்லாம் இருக்கும். குழுவினரைப் புனைபெயரில் மட்டும் பதியுங்கள்.

ஏட்டுக்காவலர்
உண்மைப் பெயர் இல்லாத ஆசிரியர் பதிவு எனக்குத் தெரிந்த எந்த நூலக விதியிலும் இல்லை.

நிலாவேட்டை
கல்கியின் உண்மைப் பெயரிலா உங்கள் நூலகத்தில் புத்தகம் தேடுகிறார்கள்?

ஏட்டுக்காவலர்
அது வேறு, இது வேறு.

புதுவட்டு
ஜிப்புக்கு ஒரு ஃபோல்டராகப் பிரித்ததும் குழு பெயர் பெரும்பாலும் கிடைத்துவிட்டது. மீதித் தெரியாதவை பெரும்பாலும் அந்த 15 துண்டு மாட். திங்கள் வரை நேரம் வாங்கியிருக்கிறேன். எல்லாருக்கும் நன்றி.

டெல்டாகுமார்
ஆன்டிவைரஸ் இல்லை என்பதை இன்னும் நான் நம்பவில்லை.

கரிசல்
இதே இழையில் கேட்கலாமா? என்னிடம் டி64 (கமடோர் 64 வட்டின் பிம்பம்) கோப்புகள் கொஞ்சம் இருக்கின்றன, திறக்கவில்லை. என்ன செய்வது?

மோடம்காலம்
அளவு 1,74,848 பைட்டா? எந்த எமுலேட்டரில் (பழைய கணினியைப் போல் இயங்கும் நிரல்) திறந்தீர்கள்?