'நிலையஞ்சூழ் நகரமைப்பு' பொருந்துமா?

வணக்கம். 'Transit-oriented development' என்பதற்குத் தமிழில் என்ன சொல்லலாம் என்ற பேச்சில் ஒருவர் இப்படி எழுதியிருந்தார்:

> 'போக்குவரத்து சார் மேம்பாடு' என்றே வைத்துக்கொள்ளலாமே. எல்லோருக்கும் புரியும்.

புரியும், ஆனால் வேறொன்றாகப் புரியும். நாளிதழ்களில் 'போக்குவரத்து பாதிப்பு' என்றால் வண்டி நெரிசல்தான். இந்தச் சொல்லைக் கேட்பவர் ஏதோ மேம்பாலம் வரப்போகிறது என்றே நினைப்பார். நாம் பெயர் தேடும் கருத்து, நிலையத்தை நடுவில் வைத்து வீடு, கடை, அலுவலகம் எல்லாவற்றையும் நடந்துபோகும் தொலைவுக்குள் நெருக்கமாக அமைப்பது. ஆகவே 'நிலையஞ்சூழ் நகரமைப்பு' என்பேன். 'மேம்பாடு' எந்த மனைவிற்பனை விளம்பரத்திலும் ஒட்டிக்கொள்ளும். 'நகரமைப்பு' துறையில் ஏற்கெனவே புழங்கும் சொல்.

'நிலையம் சார்' போதாதா என்று இன்னொருவர் கேட்டிருந்தார். போதாது. நிலையத்துக்குப் பக்கத்தில் பெரிய வண்டி நிறுத்துமிடத்தோடு ஒரு வணிக வளாகம் எழுந்தாலும் அது 'சார்'தான். அமெரிக்காவின் ஆர்லிங்டனைப் பாருங்கள். மெட்ரோவை நெடுஞ்சாலையின் நடுவே கொண்டுபோகத்தான் முதலில் எண்ணம் இருந்தது. உள்ளூர் நிர்வாகம் வாதாடி, அதைப் பழைய கடைத்தெருவுக்கு அடியில் திருப்பியது. ரோஸ்லின் முதல் பால்ஸ்டன் வரை ஐந்து நிலையங்கள். 1979இல் பால்ஸ்டன் வரை ரயில் ஓடியது. ஒவ்வொரு நிலையத்தையும் சுற்றி உயரமான கட்டடங்கள், தள்ளிப்போகப் போக உயரம் குறைந்து கடைசியில் தனிவீடுகள். நெடுஞ்சாலை நடுவே நிலையம் இருந்திருந்தால் எதைச் சூழ்வது?

நம் சென்னையின் பறக்கும் ரயிலும் இங்கே பொருந்தும். மயிலாப்பூருக்குத் தெற்கே பல நிலையங்கள் பக்கிங்காம் கால்வாயை ஒட்டியே இருக்கின்றன. மறுகரைக்காரர் பாலம் தேடிச் சுற்றிவர வேண்டும். வரைபடத்தில் 500 மீட்டர் வட்டம் போட்டுவிடலாம், கால் அந்த வட்டத்தை மதிக்காது. அப்படி உண்மையில் நடந்து எட்டக்கூடிய பரப்புக்கு 'நடையெல்லை' என்று ஒரு துணைச்சொல்லும் வேண்டும் என்பேன். 'நடைவட்டம்' வேண்டவே வேண்டாம்.

சரி, என் சொல்லில் ஓர் ஓட்டை இருக்கிறது. பிரேசிலின் குரிச்சிபா 1974 முதல் பேருந்துத் தடங்களை ஒட்டியே உயரக் கட்டடங்களை வளர்த்த ஊர். அங்கே சீட்டு வாங்கிக்கொண்டு ஏறும் குழாய் வடிவ மேடைகளை நிலையம் என்றே சொல்லலாம். நம்மூரில் 'பேருந்து நிலையம்' என்றால் வண்டிகள் வரிசைகட்டும் பெரிய வளாகம்; சாலையோரம் இருப்பது வெறும் நிறுத்தம். இரண்டையும் அடக்கும் சொல் யாருக்காவது தோன்றுகிறதா? 'தரிப்பு' என்று ஈழ வழக்கில் இருக்கிறது, 'தரிப்புச்சூழ்' என்று சொல்லிப் பார்த்தேன், காதுக்கு ஒட்டவில்லை.