காலைப் பிடித்துப் பிழைப்பதில் என்ன நிறைவு?

காசிமேட்டுக்காரி:
நேற்று ஒரு வளைகாப்பில், என்ன வேலை பார்க்கிறாய் என்று யாரோ கேட்டார்கள். நான் வாயைத் திறப்பதற்குள் நாத்தனார் முந்திக்கொண்டு, "நாலு பேர் காலைப் பிடித்துப் பிழைக்கிறாள்" என்றார். பந்தியே சிரித்தது. 11 வருடமாக மசாஜ் செய்கிறேன். வருபவர்களில் பாதிப்பேர் மீன் விற்கும் பெண்கள். அன்னக்கூடை சுமந்து சுமந்து கழுத்து மரக்கட்டையாக இறுகியிருக்கும். தோள்பட்டை எலும்பின் ஓரத்தில் புளியங்கொட்டை அளவு முடிச்சு கைக்கு அகப்படும். அதன்மேல் கட்டைவிரலை வைத்து, அவர்கள் மூச்சை விடும்போது மட்டும் அழுத்துவேன். ஐந்தாறு மூச்சில் இளகத் தொடங்கும். சிலர் அப்படியே குறட்டை விடுவார்கள். எனக்கு இந்த நிறைவு வேறு எந்த வேலையிலும் கிடைத்ததில்லை. இதில் என்ன இழிவு?

பெரம்பூர் பிசியோ:
இழிவு இல்லை. ஆனால் நிறைவு உங்களுக்கு, ஆபத்து வருபவருக்கு. கெண்டைக்கால் வலி என்று ஒருவர் வருகிறார். ஆழத்திலுள்ள ரத்தக்குழாயில் ரத்தம் உறைந்திருந்தால், நீங்கள் தேய்க்கும்போது அந்தக் கட்டி நகர்ந்து நுரையீரலை அடைக்கலாம். உயிரே போகலாம். இதையெல்லாம் நாலரை வருடம் படித்துவிட்டுத்தான் பிசியோதெரபிஸ்டுகள் நாங்கள் ஒருவரைத் தொடுகிறோம். இன்னொன்று: மறுநாள் அதே கூடை அதே தலையில் ஏறுகிறது. கழுத்துத் தசையை வலுப்படுத்தும் பயிற்சி இல்லாமல் நீங்கள் தருவது ஒரு நாள் சுகம் மட்டுமே.

வண்ணாரப்பேட்டைப் பெரியவர்:
தம்பி, சித்த மருத்துவத்தில் இதற்குத் தொக்கணம் என்று பெயர். தட்டல், இறுக்கல், முறுக்கல், அசைத்தல் என்று ஒன்பது வகை சொல்லியிருக்கிறார்கள். உங்கள் பட்டப்படிப்பு வருவதற்கு முன்னால் இந்த ஊரில் ஒருவருக்கும் கழுத்து வலிக்கவில்லையா?

பெரம்பூர் பிசியோ:
வலித்தது ஐயா. எத்தனை பேருக்குக் குணமானது என்று யாரும் எழுதி வைக்கவில்லை.

காசிமேட்டுக்காரி:
தம்பி, நான் பட்டம் படிக்கவில்லை, பயிற்சி வகுப்புக்குப் போயிருக்கிறேன். போன மாதம் பிரசவமாகி மூன்று வாரமே ஆன ஒரு பெண் வந்தாள். இடது கெண்டைக்கால் மட்டும் வீங்கியிருந்தது. புறங்கையை வைத்துப் பார்த்தேன், மற்றக் காலைவிடச் சூடு. எண்ணெய்க் கிண்ணத்தைத் தொடவே இல்லை. ஆட்டோ பிடித்து ஸ்டான்லி ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிட்டேன். எங்கே கை வைக்கக் கூடாது என்பதுதான் வகுப்பில் முதலில் சொல்லித் தந்த பாடம். ஒரு நாள் சுகம் என்கிறீர்கள். இரவு இரண்டு மணிக்கே மீன் ஏலத்துக்குப் போய் நிற்கும் பெண்ணுக்கு அந்த ஒரு நாள் சிறிதா?

எண்ணூர்க் கணக்கன்:
அக்கா, நிறைவை வைத்து வாடகை கொடுக்க முடியாது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகுகள் கடலுக்குப் போவதில்லை. மீன்காரப் பெண்கள் கையில் காசு இருக்காது. உங்களுக்கு மட்டும் எங்கிருந்து வரும்? ஸ்பாவுக்குப் போனால் மாதச் சம்பளமாவது உண்டு. அதோடு இந்த வேலை முதலில் தின்பது கட்டைவிரலைத்தான். இன்னும் எத்தனை வருடம் தாங்கும்?

காசிமேட்டுக்காரி:
ஸ்பாவில் எட்டு மாதம் இருந்தேன். வாடிக்கையாளர் கேட்டதற்கெல்லாம் சிரிக்கச் சொன்னார்கள். வந்துவிட்டேன். தடைக்காலத்தில் பிரசவ வீடுகளில் குழந்தை குளிப்பாட்டப் போவேன். அதுவும் அமையாத வாரங்களில் கடன்தான், மறைக்கவில்லை. கட்டைவிரல் விஷயம் உண்மை. ஊறுகாய் பாட்டிலைத் திறக்க மகனைக் கூப்பிடுகிறேன். முதுகுக்கு இப்போது முழங்கையைத்தான் பயன்படுத்துகிறேன், கழுத்துக்கு மட்டும் அது ஆகாது.

பிசியோ தம்பி, அந்தக் கழுத்துப் பயிற்சியை இங்கே எழுதுங்கள். கூடையை இறக்கி வைக்க இடமில்லாமல் நின்றுகொண்டிருக்கும்போதே செய்யக்கூடியதாக இருக்க வேண்டும். பாய் விரித்துப் படுத்துச் செய்வதென்றால் வேண்டாம்.