வயலும் கடலும்: அரபியில் முஃபாகரா எழுத உதவி தேவை

நாகூர் மாணவன்:
மதரசா ஆண்டு விழாவுக்கு வயலும் கடலும் தத்தம் பெருமை பேசுவதாக அரபியில் முஃபாகரா, அதாவது பெருமை வாதம், எழுதுகிறோம். ஆளுக்கு மூன்று நிமிடம். ஸஜ்உ (துண்டுக்குத் துண்டு ஈறு இயையும் உரைநடை) வைத்தும் வெறும் புகழ்ச்சிப் பட்டியலாகவே நிற்கிறது. வாதம் எப்படிச் சூடு பிடிக்கும்?

கூத்தாநல்லூரான்:
எதிராளி வைதால்தான் தற்பெருமை எடுபடும். நன்னூலே 'தன்னை மறுதலை பழித்த காலை' தன்னைப் புகழ்ந்துகொள்ள இடம் கொடுக்கிறது. 9-ஆம் நூற்றாண்டு பஸரா எழுத்தாளர் ஜாஹிழ், கறுப்பர் பெருமை பேசும் நூலில் நிறத்தை மறைக்கப் பார்க்கவில்லை. கஸ்தூரி கறுப்பு, கருங்காலி கறுப்பு, கண்ணின் பாவையும் கறுப்பு என்று வசவையே சாட்சிக் கூண்டில் ஏற்றிவிடுகிறார்.

அதே வழியில், "ஏப்ரல் 15 முதல் 61 நாள் உன் வாசல் பூட்டு" என்று வயல் மீன்பிடித் தடைக்காலத்தைக் குத்தட்டும். கடல் மறுக்கவே கூடாது. "பேறுகாலத்துக்கு விடுப்பு உண்டு. மேட்டூர் மதகைப் பார்த்து வாய் பிளந்து கிடப்பவனுக்கு அது எங்கே தெரியும்?" என்று திருப்பட்டும்.

நீடூர் வாசகர்:
ஸஜ்உவின் அளவையும் பாருங்கள். இரண்டாம் துண்டு முதலாவதற்குச் சமமாகவோ சற்று நீண்டோ இருக்கலாம். குறைந்தால் எதிர்பார்த்த காது தடுக்கி விழும். அரபி இலக்கிய விமர்சகர் இப்னுல் அதீர் அதைக் குற்றமென்றே சொல்கிறார். மேடைக்கு நாலைந்து சொல் துண்டுகளே நல்லது. ஒவ்வொரு துண்டின் கடைசியிலும் வக்ஃபு செய்யுங்கள், அதாவது ஈற்று உயிரை விட்டு நிறுத்துங்கள். 'மா அப்அத மா ஃபாத், வமா அக்ரப மா ஹுவ ஆத்' (போனது எவ்வளவு தூரம், வருவது எவ்வளவு பக்கம்) என்று நிறுத்தினால் இயைகிறது. இஃராபோடு (இலக்கண ஈறுகளோடு) 'ஃபாத்த... ஆத்தின்' என்று ஓதினால் போச்சு. பையன்கள் வழக்கமாகச் சறுக்குவது இங்கேதான்.

நாகூர் மாணவன்:
ஆயத் (குர்ஆன் வசனம்) சேர்க்கலாமா?

லால்பேட்டை:
தரப்புக்கு ஒன்று போதும். கடலுக்கு 16:14-இன் 'லஹ்மன் தரிய்யா' (புத்தம்புது இறைச்சி), வயலுக்கு 2:261-இன் ஏழு கதிர், கதிருக்கு நூறு மணி. 'அல்லாஹ் கூறுகிறான்' என்று முன்னுரை போட்டால் அது மேற்கோள். உங்கள் வாக்கியத்தோடு கலந்தால்தான் இக்திபாஸ் எனும் அணி.

அடுத்து, பழிப்பதுபோல் புகழ்வது. "வயலிடம் ஒரே குறைதான்" என்று சொல்லி மூச்சு விடுங்கள். சபை குறைக்காகக் காது கொடுக்கும். "ஒரு மணி வாங்கினால் ஒன்றாகத் திருப்பித் தரத் தெரியாது." ஒருமுறைக்கு மேல் செய்தால் குட்டு உடைந்துவிடும்.

முடிவில் யாரையும் தோற்கடிக்க வேண்டாம். 11-ஆம் நூற்றாண்டு அந்தலூஸில் (முஸ்லிம் ஸ்பெயினில்) இப்னு புர்த் எழுதிய வாதத்தில் வாளும் பேனாவும் கடைசியில் சமாதானமாகிவிடுகின்றன. உங்களுக்கு முகத்துவாரம் இருக்கிறது, ஆறு கடலில் சேரும் இடம். நடுவர் அங்கிருந்து பேசட்டும், அவரும் ஸஜ்உவில்தான், நான்கே துண்டில்.