“எந்த ஊரு?”ன்னு கேட்டா ஏன் முகம் மாறுது: பாரிஸ், லண்டன் வந்திருக்கும் புதுசுகளுக்கு

போன வாரம் ஒரு தம்பி கேட்டிருந்தார். பாரிஸ்ல வேலைக்குச் சேர்ந்து மூணு வாரம். மதியச் சாப்பாட்டுல பக்கத்துல உட்கார்ந்தவர்கிட்ட “எந்த ஊரு?”ன்னு கேட்டிருக்கார். “சேந்த்-எத்தியென்”ன்னு பதில், அதுவும் பிரான்ஸ் ஊர்தான். “இல்ல, அதுக்கு முன்னாடி?” அத்தோட அந்த ஆள் தட்டைத் தூக்கிட்டுப் போயிட்டாராம். “நான் என்னண்ணே தப்பா கேட்டேன்?”

தம்பி, நானும் அதே குழியில விழுந்து எழுந்தவன்தான். லண்டன்ல ஏழு வருஷம் இருந்துட்டு பாரிஸ் வந்தேன்.

நமக்கு “எந்த ஊரு” பழக்கத்தோட முதல் முடிச்சு. ஊரைச் சொன்ன அடுத்த நிமிஷம் “அட, எங்க சித்தப்பா அங்கதானே பொண்ணு எடுத்தார்”னு உறவு வந்துடும். (அதுக்குள்ளேயே சாதி விசாரணை ஒளிஞ்சிருக்கிறதும் நமக்குத் தெரியாததில்ல.) இங்க பிறந்து வளர்ந்தவர்கிட்ட ரெண்டாவது தடவை கேட்டா, “நீ இந்த ஊர்க்காரன் இல்லை”ன்னு சொல்ற மாதிரி விழும். லண்டன்லயும் அதே கதைதான். 2022 நவம்பர்ல பக்கிங்ஹாம் அரண்மனை விருந்துல ஒரு கறுப்பினப் பெண்மணியைத் திரும்பத் திரும்ப “உண்மையில எந்த ஊர்”னு கேட்டதுக்காக, அரச குடும்பத்துல பல வருஷம் சேவை செஞ்ச ஒரு சீமாட்டி பதவி விலகவே வேண்டியதாயிடுச்சு.

ஆனா லண்டனும் பாரிஸும் ஒத்துப்போறது அந்த ஒரு விஷயத்தோட சரி. லண்டன்ல வேலைக்குச் சேர்ந்த அன்னைக்கே உங்க இனம் என்னன்னு கேக்கிற ஒரு படிவம் வரும். “ஏசியன், இந்தியன்” கட்டத்துல டிக் போடணும். 1991-லிருந்து மக்கள்தொகைக் கணக்கெடுப்பிலேயே அந்தக் கேள்வி இருக்கு. எண்ணிப் பார்த்தாத்தான் யாருக்கு வாய்ப்புக் கிடைக்கலைன்னு தெரியும்ங்கிறது அவங்க நியாயம். அந்தப் பழக்கத்துல பாரிஸ்ல ரெண்டாவது மாசம் ஒரு மீட்டிங்ல, “நம்ம டீம்ல பதினாலு பேர், அதுல வெள்ளைக்காரர் இல்லாதவங்க நாங்க ரெண்டே பேர்”னு சொல்லிட்டேன். அறையே ஊசி விழுந்தா கேக்கும். அப்புறம் காபி மெஷின் பக்கத்துல மேனேஜர் அம்மா, கோபமே இல்லாம, நிஜமாவே புரியாம கேட்டாங்க: “நீ ஏன் ஆளுங்களை நிறம் பார்த்து எண்றே?” லண்டன்ல அதே வாக்கியத்தை மினிட்ஸ்ல குறிச்சுக்குவாங்க. இங்க இனவெறி பேசினவன் நான்தான்.

பிரான்ஸ்ல ஆளோட இனத்தைப் பதிவு பண்றதை 1978 தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் பொதுவாகவே தடுக்குது. சென்சஸ்ல பிறந்த நாடு, குடியுரிமை கேப்பாங்க, இனம் கேக்க மாட்டாங்க. இது வெறும் சட்ட வறட்டுத்தனம் இல்லை. பாரிஸ் நாஜிகள் பிடியில இருந்த 1942 ஜூலையில, முகாம்களுக்கு அனுப்பறதுக்காகப் பாரிஸ் போலீஸ் ரெண்டே நாள்ல சுமார் 13,000 யூதர்களை வளைச்சுப் பிடிச்சது, முன்கூட்டியே பேர், விலாசத்தோட எழுதி வச்சிருந்த அட்டைகளை வச்சுத்தான். அந்த ஞாபகம் இருக்கிற ஊர்ல போய் இனக் கட்டம் போட்ட படிவத்தை நீட்டினா என்ன ஆகும்? ஜெர்மனியிலும் அப்படித்தான். இனத்தைக் குறிக்கிற ‘ராஸ’ங்கிற சொல்லை நாய் இனத்துக்குத் தயங்காம சொல்வாங்க, மனுஷனுக்குச் சொன்னா நாஜி வாடை அடிக்கும்.

2018 கால்பந்து உலகக் கோப்பை ஞாபகம் இருக்கா? பிரான்ஸ் அணியில பல பேருக்குப் பூர்வீகம் ஆப்பிரிக்கா. பிரான்ஸ் ஜெயிச்சதும் அமெரிக்க டிவியில நகைச்சுவை நிகழ்ச்சி நடத்தின டிரெவர் நோவா “ஆப்பிரிக்கா ஜெயிச்சிருச்சு”ன்னு ஜோக் அடிச்சார். அவரே தென்னாப்பிரிக்காக்காரர், பாசத்துல சொன்னது. வாஷிங்டன்ல இருந்த பிரெஞ்சுத் தூதர் ஜெரார் அரோ உட்கார்ந்து கடிதமே எழுதிட்டார்: 23 பேர்ல ரெண்டு பேரைத் தவிர எல்லாரும் பிரான்ஸ்ல பிறந்தவங்க, அவங்களை ஆப்பிரிக்கர்ன்னு சொன்னா அவங்க பிரெஞ்சுத்தன்மையையே மறுக்கிறீங்கன்னு. நோவா அதை நிகழ்ச்சியிலேயே படிச்சுக் காட்டி, ஏன் ஒருத்தர் ரெண்டுமா இருக்கக் கூடாதுன்னு திருப்பிக் கேட்டார். ஒவ்வொருத்தர் பேருக்குப் பக்கத்துலயும் பூர்வீக நாட்டுக் கொடி போட்டு ஒரு பதிவு சுத்திட்டிருந்தப்போ, அணியில இருந்த பெஞ்சமின் மெந்தியே அத்தனை கொடியையும் பிரெஞ்சுக் கொடியா மாத்திப் போட்டார். என் ஓட்டு நோவாவுக்குத்தான். ஆனா மெந்தி செஞ்சதைப் பார்த்த பிறகு அவ்வளவு சத்தமா சொல்ல முடியலை.

கீழே பின்னூட்டத்துல ஒரு யாழ்ப்பாணத்து அக்கா கேட்டிருக்காங்க, “நீங்கள் இனவெறி எண்டு சொல்லுறதைத்தானே நாங்கள் இனவாதம் எண்டு சொல்லுறது?” இல்லக்கா, அங்கேயே நமக்குள்ள ஒரு இடறல் இருக்கு. இலங்கையில இனவாதம்னா சிங்களவர், தமிழர், முஸ்லிம்கள் விவகாரம். அதுல தோல் நிறத்துக்கு வேலையே இல்லை. தமிழ்நாட்டுல நிறவெறின்னா தென்னாப்பிரிக்காவும் மண்டேலாவும். மேட்ரிமோனி விளம்பரத்துல “மாநிறம், பரவாயில்லை”ன்னு போடுறதை யாரும் அந்தக் கணக்குல சேர்க்க மாட்டாங்க. பாரிஸ்ல தமிழ்க் கடைங்க இருக்கிற லா ஷப்பல் தெருவுல நம்மாளு ஒருத்தர் ஆப்பிரிக்கக்காரரைக் “கறுவல்”ன்னும் “காப்பிலி”ன்னும் சொல்றது அன்னாடம் காதுல விழுது. சொல்றவருக்கு அது வெறும் அடையாளம். அந்தப் பக்கத்துக்காரர் ரெண்டு சொல்லையும் எப்பவோ கத்துக்கிட்டார்னு அவருக்குத்தான் தெரியலை.

“ஆனா நாம செல்லமாத்தானே கருப்பான்னு கூப்பிடறோம்”னு அடுத்த பின்னூட்டம். கால்பந்து வீரர் கவானி கதை தெரியுமா? 2020 நவம்பர்ல மான்செஸ்டர் யுனைடெட் ஜெயிச்ச அன்னைக்கு, வாழ்த்தின நண்பருக்கு இன்ஸ்டாகிராம்ல ‘கிராசியாஸ் நெக்ரீத்தோ’ன்னு பதில் போட்டார். அவர் உருகுவேக்காரர். அங்க அது “நன்றிடா கருப்பா” மாதிரி, வெள்ளையா இருக்கிறவனைக் கூட அப்படிக் கூப்பிடுவாங்க. இங்கிலாந்து கால்பந்துச் சங்கம் மூணு ஆட்டத் தடையும் ஒரு லட்சம் பவுண்டு அபராதமும் போட்டுச்சு. உருகுவேயோட மொழி அகாதமி, அந்தச் சங்கத்துக்கு மொழியும் தெரியலை, பண்பாடும் தெரியலைன்னு அறிக்கையே விட்டுச்சு. மூணு ஆட்டம் அதிகம்தான்னு எனக்கும் பட்டது. ஆனா 2011-ல அதே நாட்டுக்காரர் சுவாரெஸ், மைதானத்துல வாய்ச்சண்டைக்கு நடுவுல எதிரணியோட கறுப்பின வீரர் எவ்ராகிட்ட அதே குடும்பத்துச் சொல்லைப் பயன்படுத்திட்டு, எங்க ஊர்ல இது சாதாரணம்னு சொன்னார். எட்டு ஆட்டத் தடை. அது சரியான தண்டனை. செல்லமா கூப்பிட, செல்லம் இருக்கணுமில்ல? உங்க ஆபீஸ் குரூப்லயோ பொதுப் பதிவுலயோ “கருப்பா”ன்னு போடாதீங்க. மொழிபெயர்ப்புப் பொத்தானுக்குச் செல்லம் தெரியாது.

இன்னொண்ணு. இங்க வந்ததும் “இவனுங்கதான் இனவெறிக்காரனுங்க”ன்னு பேச ஆரம்பிச்சா, எதிராளி ஒருநாள் நம்ம கதையை எடுப்பார். 2017 மார்ச்ல டெல்லி பக்கத்துல கிரேட்டர் நொய்டாவுல நைஜீரிய மாணவர்களை அடிச்சாங்க. ஆப்பிரிக்கத் தூதர்கள் கூடி இது இனவெறின்னு அறிக்கை விட்டதும், நம்ம வெளியுறவுத்துறை வருத்தத்துக்குரிய அறிக்கைன்னு முகம் சுளிச்சது. அதுக்குப் பிறகு பாஜகவோட தருண் விஜய் அல் ஜசீராவுல, நாங்க இனவெறியர்களா இருந்தா தென்னிந்தியாவோட ஏன் வாழறோம், எங்களைச் சுத்திக் கறுப்பு மக்கள் இருக்காங்களேங்கிற மாதிரி பேசினாரே, அந்த “கறுப்பு மக்கள்” நாமதான்! சாதியும் அப்படித்தான். 2001-ல டர்பன்ல நடந்த ஐ.நா. இனவெறி எதிர்ப்பு மாநாட்டுல சாதி இனவெறிக்குள்ள வராதுன்னு இந்திய அரசு நின்னுச்சு. 2023 பிப்ரவரியில அமெரிக்காவோட சியாட்டில் நகரமன்றம் சாதியைப் பாகுபாட்டுத் தடைப் பட்டியல்ல சேர்த்தப்போ, சேர்க்கச் சொன்னவங்களும் எதிர்த்தவங்களும் பெரும்பாலும் நம்மாளுங்கதான். ஆபீஸ்ல யாராவது இதைக் கேட்டா தூதரகம் மாதிரி பதில் சொல்லாதீங்க. “ஆமா, இருக்கு”ன்னு சொல்லிட்டு மேல பேசுங்க.

கடைசியா, “அப்போ நமக்கு நடந்தா பொறுத்துக்கணுமா?”ன்னு ஒருத்தர். யார் சொன்னது? வாடகை வீடு கேட்டுப் போன் பண்ணினா காலின்னு சொல்லி, பேரைச் சொன்னதும் போயிடுச்சுன்னு சொன்ன அனுபவம் எனக்கே ரெண்டு தடவை உண்டு. கணக்கெடுக்காததால பாகுபாடு இல்லாமப் போயிடாது. பிரான்ஸ்ல 39 28-க்குப் போன் பண்ணுங்க, ‘உரிமைப் பாதுகாவலர்’ அலுவலகம் நடத்துற இலவசச் சேவை. தேதி, நேரம், சொன்ன வார்த்தை எல்லாத்தையும் அன்னைக்கே எழுதி வச்சுக்குங்க. ஜெர்மனியில இழப்பீடு கேக்கணும்னா 2006 சமத்துவச் சட்டப்படி ரெண்டே மாசம்தான் கெடு, ஊருக்குப் போயிட்டு வந்து பாத்துக்கலாம்னு விட்டுடாதீங்க.

பாரிஸ்ல புகார் எழுதினா, அனுப்பறதுக்கு முன்னாடி பிரெஞ்சு நல்லாத் தெரிஞ்ச ஒருத்தர்கிட்ட படிக்கக் குடுங்க. நீங்க ‘ராஸ்’ (இனம்)னு எழுதியிருந்தா அடிச்சுட்டு ‘ஒரிஜின்’ (பூர்வீகம்)னு மாத்துவாங்க. 2017-லிருந்து அவங்க தண்டனைச் சட்டத்துலயே ‘ராஸ்’ங்கிறது “இனம் எனச் சொல்லப்படுவது”ன்னுதான் இருக்கு.