தெய்வ நீதியை நம்பிப் பொறுத்திருப்பது சரியா?

சாட்ஸ்வர்த் அன்பர்:
பங்குனி உத்திரத்தன்று எங்கள் கோயிலில் சொற்பொழிவாற்றியவர், "ஆண்டவன் ஆட்சியில் அநீதி நிலைக்காது, பொறுத்திருங்கள்" என்றார். அப்படியானால் இங்கே தென்னாப்பிரிக்காவில் காந்தியின் சத்தியாக்கிரகத்தில் சிறை சென்ற தில்லையாடி வள்ளியம்மைக்குக் கிடைத்த நீதி எது? மாரிட்ஸ்பர்க் சிறையில் பற்றிய காய்ச்சலோடு வெளிவந்து, 1914 பிப்ரவரி 22 அன்று 16 வயதில் அவர் இறந்தார். இந்தியத் தொழிலாளர்மீது இருந்த 3 பவுன் வரியை நீக்கிய சட்டமோ அதன் பிறகுதான் வந்தது.

டர்பன் அடியார்:
ஐயா, இந்தியாவிலிருந்து இங்குள்ள நேட்டால் கரும்புத் தோட்டத்துக்கு ஒப்பந்தத்தில் வந்த ஆணுக்கு முதலாண்டில் மாதக் கூலி 10 ஷில்லிங். ஒப்பந்தம் முடிந்தபின் ஊர் திரும்பாமலும் மறுஒப்பந்தம் எழுதாமலும் நேட்டாலில் தங்கியவர் ஆண்டுக்கு 3 பவுன், அதாவது அந்தக் கூலியில் ஆறு மாதச் சம்பளத்தை, வரியாகக் கட்ட வேண்டியிருந்தது. 1913இல் அதை எதிர்த்து நியூகாசில் நிலக்கரிச் சுரங்கத்தாரும் பின்னர் தோட்டத்தாரும் வேலையை நிறுத்தினார்களே, அவர்களில் மாரியம்மனுக்குத் தீ மிதித்தவர்கள் இல்லையா? துரையின் ஆட்சிக்கு மேலே ஓர் ஆட்சி உண்டு என்று நம்பியவன்தான் துரைக்கு முன் நிமிர்ந்து நிற்கத் துணிவான். பொறுத்திரு என்பதைக் கைகட்டி இரு என்று நீங்கள் கொள்கிறீர்கள்.

சாட்ஸ்வர்த் அன்பர்:
அவர்களின் துணிவை நான் மறுக்கவில்லை. ஆனால் வென்றால் தெய்வ நீதி, தோற்றால் முன்வினை என்றால், எந்த நிகழ்ச்சிதான் உங்கள் கொள்கைக்கு எதிர்ச்சான்றாகும்? இனவாரியாகக் குடியிருப்புகளைப் பிரித்த 1950ஆம் ஆண்டின் குழுப்பகுதிச் சட்டம், டர்பனின் கேட்டோ மேனர் பகுதியிலிருந்த குடும்பங்களைப் பெயர்த்தெடுத்து எங்கள் ஊரில் கொண்டுவந்து வைத்தது. அச்சட்டம் 1991இல்தான் ஒழிந்தது. அதற்குள் கண்மூடிய பெரியவர்களுக்கு அந்த நீதி எவ்வழியில் போய்ச் சேர்ந்தது?

பீனிக்ஸ் ஆசிரியை:
முன்வினை என்று பிறர் துன்பத்துக்குத் தீர்ப்பெழுதுவது பக்தி ஆகாது. இறைவனின் இருக்கையில் நாமே ஏறி அமர்வதாகும். தன் துன்பத்தைப் பற்றி ஒருவர் அப்படி நினைத்துக்கொள்வது வேறு.

டர்பன் அடியார்:
அம்மா சொல்வதை ஏற்கிறேன். இந்தப் பிறவியோடு கணக்கு முடிகிறது என்றால், வள்ளியம்மைக்கு நீதி கிடைக்கவில்லை என்பதைத் தவிர வேறு விடையில்லை. முடிவதில்லை என்று நான் நம்புகிறேன். ஐயாவுக்கு அதை நிறுவிக்காட்ட என்னால் இயலாது.

சாட்ஸ்வர்த் அன்பர்:
நேர்மையான விடை, நன்றி. ஆனால் நிறுவ இயலாத ஒன்றை மேடையில் நின்று பிறருக்குக் கட்டளையாகச் சொல்லலாமா என்பதே என் வழக்கு. அன்று எதிரே அமர்ந்திருந்தவர்களில், பறிபோன நிலத்துக்காக மனுக் கொடுத்துவிட்டு இன்னும் அலைந்துகொண்டிருப்பவர்களும் இருந்தார்கள்.